தொட்டிக்கு எந்த மணல்? எப்படிக் கழுவுவது? – வாசகர் கேள்வி பதில்

மீன்தொட்டியின் அடியில் போடும் மணல் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பல கடிதங்களில் கிருமிப் பயம்தான் தூக்கலாகத் தெரிகிறது. கழுவிய மணலில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவால் மீன் செத்துப்போவது அபூர்வம். களிமண், சுண்ணாம்பு, கூர்முனை ஆகிய மூன்றும்தான் தொட்டியைக் கெடுப்பவை. அதனால் பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: வீடு கட்ட இறக்கிய மணல் மிச்சம் இருக்கிறது. சலித்துவிட்டுத் தொட்டியில் போடலாமா?

அது எந்த மணல், எங்கே கிடந்தது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். ஆற்று மணல் என்றால் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியிருக்கும், பெரும்பகுதி குவார்ட்ஸ். கழுவி, சோதித்துப் பயன்படுத்தலாம். எம்-சாண்ட் என்றால் வேண்டாம். அது பாறையை இயந்திரத்தில் உடைத்து எடுத்தது. கருங்கல் தண்ணீரின் தன்மையை மாற்றாது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு துணுக்கும் சில்லுபோல் கூராக இருக்கும், கல்தூளும் எத்தனை முறை கழுவினாலும் வந்துகொண்டே இருக்கும்.

ஆற்று மணலே ஆனாலும், பக்கத்தில் சிமென்ட் கலவை போட்ட குவியலைத் தொடாதீர்கள். ஈரச் சிமென்டின் பி.எச். (அமில–கார அளவு) 12-க்கும் மேல் போகும். மணலோடு ஒட்டிக் காய்ந்த சிமென்ட் சின்னத் தொட்டியில் தண்ணீரைக் காரமாக்கப் போதும். ஆணி, பெயின்ட், தின்னர் சிந்திய இடம், பூனை கழிப்பறையாக்கிய குவியல் எல்லாம் இதே கணக்குதான்.

வாங்குவதாக இருந்தால் எங்கள் முதல் தேர்வு நீச்சல்குள ஃபில்டருக்கு விற்கும் சிலிக்கா மணல். பெரும்பாலும் 0.4 முதல் 0.8 மி.மீ. வரை ஒரே சீராகச் சலித்து, ஓரளவு கழுவியே வருகிறது. மீன்தொட்டிக்கென்று அழகான பையில் வரும் மணல் பலவும் இதற்குமேல் எதுவும் செய்துவிடுவதில்லை. இரும்பில் துரு நீக்கப் பீய்ச்சியடிக்கும் பிளாஸ்டிங் மணலை மட்டும் அதே வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். வெட்டுவதற்கென்றே கூராகத் தயாரிக்கப்படும் ரகங்கள் அதில் உண்டு.

கேள்வி: வினிகர் ஊற்றிப் பார்த்தேன், குமிழி வந்தது. மணலைத் தூக்கிப்போட வேண்டுமா?

காய்ந்த மணலில் ஊற்றினீர்களா? அப்படியென்றால் அந்தக் குமிழி வெறும் காற்றாக இருக்கலாம். காய்ந்த மணலின் இடுக்குகளில் இருக்கும் காற்று, எந்தத் திரவத்தை ஊற்றினாலும் மேலே வரும். சோதனையை இப்படிச் செய்யுங்கள்: இரண்டு மேசைக்கரண்டி மணலைக் கழுவி, கண்ணாடித் தம்ளரில் போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, மணல் மூழ்கும் அளவு வினிகர் ஊற்றுங்கள். முதல் 10 விநாடிகளில் வருவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நிமிடம் நுண்ணிய குமிழிகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தால், காதருகே வைத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்டால், சுண்ணாம்பு இருக்கிறது. எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் குமிழி வந்தால் கிளிஞ்சல் துணுக்கு, பொறுக்கி எடுத்துவிடலாம்.

வினிகர் வலுக்குறைந்த அமிலம். சுண்ணாம்பு கொஞ்சமாக இருந்தால் அது கண்டுபிடிக்காமல் போகலாம். சந்தேகம் தீராதவர்கள் ஊறல் சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் கால் பங்கு மணல் போடுங்கள். தினம் ஒருமுறை குலுக்குங்கள். ஏழாம் நாள் இரண்டிலும் பி.எச்., கே.எச். (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். மணல் உள்ள பாட்டிலில் கே.எச். 1 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் அந்த மணல் தண்ணீரைக் கடினமாக்கும். குழாய்த் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள்: ஏற்கெனவே கடினமான தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் கரையாது, மணல் தப்பித்துக்கொள்ளும்.

தூக்கிப்போடுவதா என்பது மீனைப் பொறுத்தது. நியான் டெட்ரா, டிஸ்கஸ், ராம் சிக்லிட் போன்ற மென்னீர் மீன்களுக்கு அந்த மணல் ஆகாது. மாலாவி, டாங்கன்யிகா ஏரி சிக்லிட்களுக்கும், மாலி மீனுக்கும் அதுவே அனுகூலம்.

கேள்வி: 60 × 30 செ.மீ. அடிப்பரப்புள்ள தொட்டிக்கு எத்தனை கிலோ மணல்?

நீளம் × அகலம் × மணல் உயரம், எல்லாம் செ.மீ.யில். வருவதை 1000-ஆல் வகுத்தால் லிட்டர், அதை 1.6-ஆல் பெருக்கினால் காய்ந்த மணலின் எடை கிலோவில். உங்கள் தொட்டிக்கு 5 செ.மீ. உயரம் வேண்டுமென்றால் 60 × 30 × 5 = 9000, அதாவது 9 லிட்டர், சுமார் 14½ கிலோ. கழுவும்போது போவதற்காக 10 சதவீதம் சேர்த்து 16 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். செடி இல்லாத தொட்டிக்கு 3 செ.மீ. போதும், வேர்விடும் செடிக்கு 5 முதல் 7. அதற்குமேல் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, தொல்லைதான்.

ஒரு உபகணக்கு: 14½ கிலோ மணல் ஏறக்குறைய 5½ லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியில் மருந்து போடும்போது அளவைக் கணக்கிட இது தேவைப்படும்.

கேள்வி: மணலை எத்தனை முறை கழுவினாலும் கலங்கல் போகவில்லை. சரியான முறை என்ன?

பெரும்பாலும் தவறு ஒரே இடத்தில்தான்: பக்கெட் நிறைய மணலைக் கொட்டிக் கழுவுவது. மேலே இருக்கும் மணல்தான் கழுவப்படுகிறது, அடியில் இருப்பது அசைவதே இல்லை. 15–20 லிட்டர் பக்கெட்டுக்கு 3 அல்லது 4 கிலோ மணல், அவ்வளவுதான்.

காய்ந்த மணலைக் கொட்டும் முன் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கெடுதல்; பையைப் பிரிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. ஆற்று மணல் என்றால் முதலில் கொசுவலைக் கம்பியில் சலித்துப் பருக்கைக் கல், வேர், கிளிஞ்சலை நீக்குங்கள். பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறட்டும். களிமண் கட்டிகள் ஊறினால்தான் கரையும்; ஊறாமல் கழுவினால் அவை சிறு உருண்டைகளாக மணலோடு தங்கி, தொட்டிக்குள் போன பிறகு கரையத் தொடங்கும். கழுவக் கழுவக் கலங்கல் வருவதற்கு இரண்டாவது காரணம் இது.

காலையில் மேலே மிதக்கும் குப்பையோடு தண்ணீரைக் கொட்டுங்கள். ஹோஸ் முனையைப் பக்கெட்டின் அடிவரை மணலுக்குள் செருகி, தண்ணீரை வேகமாகத் திறந்து, மறுகையால் அடியிலிருந்து மேலாகக் கிளறுங்கள். பக்கெட் நிறைந்ததும் 5 முதல் 10 விநாடி நிறுத்துங்கள். மணல் அதற்குள் படிந்துவிடும், களிமண் மிதந்துகொண்டிருக்கும். உடனே சாய்த்துக் கொட்டுங்கள். இங்கே நிதானம் காட்டி ஐந்து நிமிடம் காத்திருந்தால் வண்டலில் ஒரு பங்கு மறுபடி மணல்மேல் படிந்துவிடும். அரிசி களைவதுபோலக் கலக்கிய சூட்டோடு சாய்ப்பதுதான் இதில் உள்ள நுணுக்கம். நீச்சல்குள மணலுக்கு ஐந்தாறு முறை போதும். ஆற்று மணலுக்கு 15, 20 முறைகூட ஆகலாம்.

எப்போது நிறுத்துவது? கழுவிய மணலில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 30 விநாடி விடுங்கள். தம்ளருக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் சிறிய எழுத்தைப் படிக்க முடிந்தால் போதும். லேசான மங்கல் இருந்தால் பரவாயில்லை, அது ஃபில்டரின் வேலை. பளிங்காக வரும்வரை கழுவுவேன் என்று நிற்பவர்கள் தண்ணீரைத்தான் வீணாக்குகிறார்கள்.

கழுவிய தண்ணீரைக் குளியலறை வடிகாலில் ஊற்றாதீர்கள், குழாய் வளைவில் மணல் தங்கி அடைத்துவிடும். செடிகளுக்கு விடுங்கள். சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் எதுவும் எந்தக் கட்டத்திலும் கூடாது. மீன்கள் ஏற்கெனவே இருக்கும் தொட்டிக்கு என்றால் கடைசி அலசல் மட்டும் குளோரின் நீக்கிய தண்ணீரில்.

கேள்வி: கிருமி நீங்க மணலை அடுப்பில் வேகவைக்கச் சொல்கிறார்கள். அல்லது பிளீச்சிங் செய்யலாமா?

புதிய மணலுக்கு இரண்டுமே தேவையில்லை. நன்றாகக் கழுவி, 2 செ.மீ. தடிமனில் பரப்பி, இரண்டு மூன்று நாள் வெயிலில் மொறுமொறுவெனக் காய்ந்தாலே மீன் ஒட்டுண்ணிகள் பிழைக்காது. அடுப்பில் வேகவைப்பது ஆபத்தும்கூட. ஈர மணலின் அடியில் நீராவி சிக்கிக்கொண்டு திடீரென வெடித்து, கொதிக்கும் மணலும் தண்ணீரும் மேலே தெறிக்கும். கட்டாயம் வேண்டுமென்று நினைப்பவர்கள், உலோக வாளியில் மணலைப் போட்டு அதன்மேல் கொதிநீரை ஊற்றிக் கிளறி ஆறவிடலாம். கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து அதைச் செய்யக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும்.

பிளீச் என்பது குளத்திலோ ஆற்றிலோ நேரடியாக அள்ளிய மணலுக்கும், முன்பு மீன் இருந்த தொட்டியின் மணலுக்கும். முதலில் மணலைக் கழுவிவிட வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவழிந்துவிடும். வாசனையோ சோப்போ சேர்க்காத 5 சதவீத பிளீச் திரவத்தை லிட்டர் தண்ணீருக்கு 50 மி.லி. கலந்து, மணல் மூழ்க 30 நிமிடம் வையுங்கள். பிறகு நாலைந்து முறை அலசி, குளோரின் நீக்கும் மருந்தை வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெயிலில் காயவையுங்கள். முகர்ந்தால் பிளீச் நெடி துளியும் இருக்கக் கூடாது.

வினிகர் சோதனையும் பிளீச்சும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும்.

கேள்வி: கடற்கரை மணல்?

உப்பைக் கழுவிவிடலாம், கிளிஞ்சல் தூளைக் கழுவ முடியாது. நன்னீர்த் தொட்டிக்கு வேண்டாம். கடல்நீர்த் தொட்டிக்கு அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல் வாங்கிப் போடுவது நல்லது. கரையில் அள்ளியதில் எண்ணெய்க் கசிவு, கழிவு என என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

கேள்வி: கறுப்பு மணல், நீல மணல் அழகாக இருக்கின்றன. மீனுக்குப் பாதுகாப்பா?

நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் பூச்சு. ஒரு கைப்பிடியை வெள்ளைக் கோப்பையில் வெந்நீர் ஊற்றி 48 மணி நேரம் வையுங்கள். பிறகு ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். தண்ணீரோ துணியோ நிறம் மாறினால், அல்லது தோல்போல ஏதாவது உரிந்து மிதந்தால், வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். சோதனையில் தேறினாலும், மணலை வாயில் அள்ளிச் சலிக்கும் மீன்கள் உள்ள தொட்டிக்குப் பூச்சு மணல் போடாமலிருப்பது நல்லது.

கறுப்பில் இயற்கையான எரிமலைப் பாறை மணலும் உண்டு, உலைக்கசடை உடைத்த கண்ணாடிச் சில்லு போன்றதும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்: கசடு பளபளவென்று, கத்தி விளிம்போடு இருக்கும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலுக்குள் இழுத்தும் பாருங்கள். கறுப்புத் துகள் கொத்தாக ஒட்டினால் அது பெரும்பாலும் மேக்னடைட், இரும்புத் தாது. மீனுக்கு விஷமல்ல, ஆனால் ஃபில்டர் மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரும் ஒரு காந்தம். அந்தத் துகள்கள் அதில் போய் ஒட்டி, அச்சையும் கூட்டையும் அரைத்துவிடும். கண்ணாடி துடைக்கும் காந்தப் பட்டையும் அப்படித்தான். ஒரே ஒரு துகள் சிக்கினாலும் கண்ணாடியில் நிரந்தரக் கீறல். எந்த மணலாக இருந்தாலும் அந்தப் பட்டையை மணலுக்கு 3 செ.மீ. மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி எங்கள் அபிப்பிராயம்: பளீர் வெள்ளையில் பல மீன்கள் வெளிறிவிடும், மிரளும். அடர் நிறத்தில் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும். ஆற்று மணலின் பழுப்பு எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும், கழிவும் அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது.

கேள்வி: மணல் போட்டு நான்கு நாளாகியும் தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது.

எப்போது கலங்கியது? தண்ணீர் ஊற்றிய அன்றே பழுப்பாக, சாம்பலாகக் கலங்கியிருந்தால் களிமண். முதல் நாள் தெளிந்து, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பால்போல வெளுத்தால் பாக்டீரியா பெருக்கம். உறுதிசெய்ய ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் களிமண். அப்படியே மங்கலாக இருந்தால் பாக்டீரியா.

களிமண்ணுக்கு ஃபில்டரில் பாலியஸ்டர் பஞ்சு வைத்து, தினம் எடுத்து அலசுங்கள் அல்லது மாற்றுங்கள். பாதித் தண்ணீரையும் மாற்றலாம். பாக்டீரியா என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே வைத்தியம். ஃபில்டர் பழகப் பழக, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் நிலைபெற்றுவர, தானே தெளியும். மீன் இருந்தால் அமோனியாவை மட்டும் தினம் அளந்து, தென்பட்டால் தண்ணீர் மாற்றுங்கள்.

அடுத்த முறைக்கு: மணலை ஈரமாகவே பரப்பி, மேலே ஒரு தட்டோ பிளாஸ்டிக் தாளோ விரித்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். மணல் படியும்வரை ஃபில்டரை ஓட்டாதீர்கள். உறிஞ்சும் முனை மணலுக்குக் குறைந்தது 5 செ.மீ. மேலே இருக்கட்டும், அதில் ஒரு ஸ்பாஞ்ச் உறையும் மாட்டுங்கள். பாறை வைப்பதாக இருந்தால் முதலில் பாறையைத் தொட்டியின் அடித்தளத்தில், அடியில் பிளாஸ்டிக் வலைத்தட்டு கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அதைச் சுற்றி மணலைப் போடுங்கள். மணலின் மேல் வைத்த பாறையை மீன் தோண்டித் தோண்டியே சரித்துவிடும்.

கேள்வி: தொட்டியின் அடியில் துளைத்தட்டாக வைக்கும் அண்டர்கிராவல் ஃபில்டரின் தட்டின்மேல் மணல் போடலாமா?

கூடாது. மணல் துளைவழியே அடியில் இறங்கும், அல்லது இறுகித் தண்ணீர் ஓட்டத்தை நிறுத்தும். அதற்கு 3 முதல் 5 மி.மீ. பரல் (பொடிக் கூழாங்கல்) தான்.

கேள்வி: என் கோரிடோரஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி வகை) மீன்களின் மீசை தேய்ந்துவிட்டது. மணல்தான் காரணமா?

மணல் கூராக இருந்தால் காரணமாகலாம். ஆனால் மணலில் தங்கும் அழுக்கையும் அதே அளவு சந்தேகியுங்கள். மிச்ச உணவு அழுகும் இடத்தில் நாள் முழுக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மீனின் மீசையைப் பாக்டீரியா அரித்துவிடும். மெத்தைபோன்ற மணல் இருந்தும் மீசை இழந்த கோரிடோரஸ்களைப் பார்க்கலாம், காரணம் இதுதான்.

முதலில் மணலைப் பாருங்கள். ஈர மணலைப் புறங்கையில் அழுத்தித் தேய்த்தால் குத்தினால், சிவந்தால் மாற்றிவிடுங்கள். 0.5 முதல் 1 மி.மீ. வரை, முனை மழுங்கியது வேண்டும். இந்த மீன்களும் ஜியோஃபேகஸ் வகைச் சிக்லிட்களும் மணலை வாயில் அள்ளிச் செவுள்வழியே வெளியேற்றுபவை. பரல் போட்டால் அந்த வேலையே நடக்காது. மணல் சரியென்றால், உணவைப் பத்து நிமிடத்தில் தீரும் அளவுக்குக் குறைத்து, வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, தீனி விழும் இடத்தை ஒவ்வொரு முறையும் சைஃபன் செய்யுங்கள் (குழாயால் அழுக்கைத் தண்ணீரோடு உறிஞ்சி எடுப்பது). மீசையின் வேர்ப்பகுதி மிச்சமிருந்தால் மெல்ல மறுபடி வளரும்.

கேள்வி: மணலுக்குள் கறுப்புத் திட்டுகள். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம்.

ஆக்சிஜன் எட்டாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அது இரும்போடு சேர்ந்ததுதான் கறுப்பு நிறம். நாற்றம் அந்த வாயுவினுடையது, மீனுக்கு விஷம். ஆனாலும் பதறி ஒரே நாளில் மணல் முழுவதையும் கிளறிவிடாதீர்கள், உண்மையான ஆபத்து அப்போதுதான். சும்மா இருக்கும் திட்டிலிருந்து கசிவதை ஆக்சிஜன் உள்ள மேல்மணலும் தண்ணீரும் பெரும்பாலும் முறித்துவிடும். மொத்தமாகக் கிளறினால் முறிக்க நேரம் கிடைக்காது.

ஏரேட்டரை முழு வேகத்தில் வைத்து, தண்ணீர் மாற்றும் நாளில் மணல்பரப்பின் கால் பகுதியை மட்டும் ஒரு குச்சியால் மெதுவாகக் குத்திவிடுங்கள். சைஃபன் முனையை அதே இடத்துக்கு மேல் பிடித்திருங்கள். நான்கு வாரத்தில் முழுத் தொட்டியும் முடியும். மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

காரணத்தையும் தேடுங்கள்: 7 செ.மீ.க்கு மேல் உயரம், 0.3 மி.மீ.க்கும் நுண்ணிய மாவு மணல், தட்டையான பாறையின் அடிப்பகுதி, புதைந்த தீனி. இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மலேசியன் டிரம்பெட் நத்தை மணலுக்குள்ளேயே ஊர்ந்து உழுதுகொண்டிருக்கும். தீனி மிஞ்சினால் நூற்றுக்கணக்கில் பெருகும் என்பதையும் தெரிந்துகொண்டு விடுங்கள். செடி வேர்களும் மணலுக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோகும்.

நாற்றமே இல்லாமல் குமிழி மட்டும் வந்தால் பயம் வேண்டாம். கண்ணாடியை ஒட்டி மட்டும் பச்சையாக, கருநீலமாகத் தெரிவதும் வேறு சங்கதி. அது வெளிச்சம் படும் ஓரத்தில் வளரும் பாசி. வெளியே அந்த உயரத்துக்கு ஒரு கறுப்பு நாடா ஒட்டினால் அடங்கிவிடும்.

கேள்வி: மீன்கள் இருக்கும்போதே பரலை எடுத்துவிட்டு மணலுக்கு மாறுவது எப்படி?

பரலில் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவின் ஒரு பங்கு இருக்கிறது. அதை ஒரே நாளில் வெளியேற்றினால் அமோனியா ஏறும். அதனால் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மூன்று வாரத்தில் எடுங்கள். அகலமான பிளாஸ்டிக் டப்பாவால் மெதுவாக அள்ளுங்கள், எழும்பும் அழுக்கைச் சைஃபனால் பிடியுங்கள். இந்த மூன்று வாரமும் ஃபில்டர் பஞ்சைக் கழுவக் கூடாது. நீரோட்டம் ரொம்பக் குறைந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் பிழிந்து போடுங்கள். தீனி பாதியாகட்டும்.

பரல் முழுதும் போன பிறகே மணலைப் போடுங்கள். கழுவிய மணலை, இரண்டு அங்குல பி.வி.சி. குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, அதன்வழியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தண்ணீர் கலங்காது. அன்று ஃபில்டர் ஒரு மணி நேரம் நிற்கட்டும். அதற்குமேல் நிறுத்தினால் அதிலுள்ள பாக்டீரியா மூச்சுத்திணறும். அடுத்த 10 நாள் அமோனியா, நைட்ரைட் இரண்டையும் அளந்துகொண்டிருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.25 பி.பி.எம். (லிட்டருக்கு 0.25 மி.கி.) தென்பட்டாலே 30 சதவீதம் தண்ணீர் மாற்றம்.

பரலின்மேலேயே மணலைக் கொட்டிவிடலாமே என்று இன்னொரு வாசகர் கேட்கிறார். கொட்டலாம். சில வாரத்தில் மணல் அடியில் இறங்கிப் பரல் மேலே வந்துவிடும், அவ்வளவுதான்.

கேள்வி: வெறும் மணலில் செடி வளருமா?

குவார்ட்ஸ் மணலில் சத்து எதுவும் இல்லை; அது பிடிமானம் மட்டும்தான். வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரின், அமேசான் ஸ்வார்டு போன்றவற்றுக்கு வேரருகே 5 செ.மீ. ஆழத்தில் உர மாத்திரையைப் புதைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் தண்டுக்கிழங்கையும் மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடுங்கள்.

கேள்வி: சைஃபன் செய்தால் மணலும் சேர்ந்து வெளியே போகிறது.

பரலில் செருகுவதுபோல மணலில் செருகினால் போகத்தான் செய்யும். முனையை மணலுக்கு 2 செ.மீ. மேலே நிறுத்தி வட்டமாகச் சுழற்றுங்கள். லேசான கழிவு எழும்பி உள்ளே போகும், கனமான மணல் தங்கிவிடும். 4–5 செ.மீ. அகலக் குழல் இருந்தால் இன்னும் சுலபம். அகலமான குழலில் நீரோட்டத்தின் வேகம் குறைவு, ஏறிய மணல் பாதியிலேயே திரும்பி விழும். மணல் மேலே ஏறுவதைப் பார்த்தால் ஹோஸை ஒரு விநாடி கிள்ளிப் பிடியுங்கள்.

மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படிகிறது என்று எழுதியவருக்கும் இங்கேயே பதில்: புதிய தொட்டிகளில் வரும் டயட்டம் பாசி அது. சைஃபனால் எடுத்துக்கொண்டே இருங்கள், சில வாரத்தில் நின்றுவிடும். அதற்காக மணலை மாற்ற வேண்டாம்.

கேள்வி: தொட்டியில் மீன்கள் நோயில் இறந்துவிட்டன. அதே மணலைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

வெண்புள்ளி நோய் என்றால் பயன்படுத்தலாம். அந்த ஒட்டுண்ணியின் ஒரு பருவம் மணலில் ஒட்டிக்கொண்டுதான் பெருகும், ஆனால் முழுக்கக் காய்ந்தால் பிழைக்காது. கழுவி, மேலே சொன்ன பிளீச் முறையைச் செய்து, காயவைத்தால் போதும்.

மீன்கள் வாரக்கணக்கில் மெலிந்து, முதுகெலும்பு வளைந்து, ஆறாத புண்ணோடு ஒவ்வொன்றாக இறந்திருந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். அதற்குக் காரணமான மைக்கோபாக்டீரியா குளோரினுக்குச் சுலபத்தில் மசியாது; கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதர் தோலிலும் தொற்றும். கையுறை போட்டு மணலை அள்ளி, பையில் கட்டி, குப்பையில் போட்டுவிடுங்கள். மணல் மலிவான பொருள்.

நோய் எதுவும் இல்லாமல், வெறுமனே எடுத்து வைக்கும் பழைய மணல் என்றால் ஒரே நிபந்தனைதான்: ஈரமாக மூடி வைக்காதீர்கள். மூடிய வாளியில் ஈர மணல் சில நாளிலேயே அழுகல் நாற்றம் எடுக்கும். கழுவிக் காயவைத்துக் கட்டி வையுங்கள். மறுபடி போடும்போது அதில் பழைய பாக்டீரியா எதுவும் உயிரோடு இருக்காது என்பதால், புதிய தொட்டியைப் போலவே ஃபில்டரைப் பழக்க வேண்டியிருக்கும்.